பிரைமரியும் ஸ்டாண்ட்பையும் இடம் மாறிய பிறகு பழைய பிரைமரி பின்தொடர மறுக்கிறது (போஸ்ட்கிரெஸ் 14)

கேள்வி: இரவுமுறை

வணக்கம். எங்களிடம் மூன்று போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தள சர்வர்கள் உள்ளன. அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர்களாலேயே அவற்றைக் குறிப்பிடுகிறேன். மருதம் நேற்று முன்தினம் வரை பிரைமரி, அதாவது எழுதுவதை ஏற்கும் முதன்மைச் சர்வர். முல்லை அதே டேட்டா சென்டரில் உள்ள ஸ்டாண்ட்பை, அதாவது பிரைமரியைப் பின்தொடரும் நகல் சர்வர். நெய்தல் வேறு ஊரில், 100 மெகாபிட் இணைப்புக்கு அப்பால், பேரிடர்க் காலத்துக்கென வைத்திருக்கும் இரண்டாவது ஸ்டாண்ட்பை. தரவுத்தளம் ஏறத்தாழ 640 ஜிபி. நெய்தலும் முல்லையும் தனித்தனி ஸ்லாட் (ஸ்டாண்ட்பை எதுவரை பெற்றது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) வழியாக மருதத்திலிருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் வால் (WAL) பதிவுகளைப் பெற்றுக்கொண்டிருந்தன. முடிந்த வால் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஆர்க்கைவிங் இயங்குகிறது, மூன்று சர்வர்களும் அந்த ஆர்க்கைவ் கோப்புறையை அணுக முடியும்.

மருதத்தின் வட்டுகளை மாற்ற வேண்டியிருந்ததால், முன்கூட்டியே அறிவித்து, இரவு 1 மணிக்கு சுவிட்ச்ஓவர் (பிரைமரியைத் திட்டமிட்டு மாற்றுவது) செய்தோம். எங்களிடம் இருந்த நடைமுறைக் குறிப்பில் எழுதியிருந்தபடியே முதலில் அப்ளிகேஷனை நிறுத்தினேன். ரெப்ளிகேஷன் தாமதம் பூஜ்யம் என்று பார்த்த பிறகு முல்லையை ப்ரமோட் செய்தேன், அதாவது பிரைமரியாக்கினேன். அது எழுதும் நிலைக்கு வந்ததை உறுதிசெய்துகொண்டு, சுமார் 3 நிமிடங்கள் கழித்து மருதத்தை ஃபாஸ்ட் முறையில் நிறுத்தினேன். வட்டு வேலை முடியும் வரை காத்திருக்காமல், மருதம் ஸ்டாண்ட்பையாக எழுந்து நிற்கிறதா என்று அப்போதே பார்த்துவிட எண்ணி, ஸ்டாண்ட்பையாக எழச் சொல்லும் ஸ்டாண்ட்பை.சிக்னல் கோப்பை வைத்து, யாரைப் பின்தொடர வேண்டும் என்ற இணைப்பு வரியான ப்ரைமரி_கான்இன்ஃபோவை முல்லையின் பக்கம் திருப்பி, அதைத் துவக்கினேன்.

மருதம் துவங்கியது, படிப்பதற்கான இணைப்புகளையும் ஏற்றது. கண்காணிப்புத் திரையிலும் பச்சை விளக்கே எரிந்தது. ஆனால் லாகில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரே செய்தி வந்துகொண்டிருந்தது: புதிய டைம்லைன் 2, தற்போதைய டைம்லைன் 1-இலிருந்து, இந்த சர்வரின் மீட்பு நிலைக்கு முன்னதாகவே கிளை பிரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். (ப்ரமோட் ஆகும்போது வால் பெறும் புதிய கிளை எண்ணே டைம்லைன்.)

உடனே மருதத்தை நிறுத்திவிட்டு, விலகிப்போன சர்வரைக் கிளை பிரிந்த இடத்துக்குத் திருப்பும் கருவியான பிஜி_ரீவைண்ட் ஓட்டினேன். இரண்டு சர்வர்களும் ஒரே டைம்லைனில் உள்ளன, ரீவைண்ட் தேவையில்லை என்று அது சொல்லி முடித்துக்கொண்டது. ஒரு கருவி இரண்டு டைம்லைன் என்கிறது; இன்னொரு கருவி ஒன்றுதான் என்கிறது. இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை. அதன் பிறகு மருதத்தை மீண்டும் துவக்கி, அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

நெய்தலில் வேறு தொல்லை. அதன் இணைப்பை முல்லைக்குத் திருப்பியதும், ஸ்லாட் இல்லை என்ற பிழை வருகிறது. அது மட்டும் எளிதில் தீரும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அப்ளிகேஷன் நின்றிருந்தது, தாமதம் பூஜ்யம், மருதத்தில் யாரும் எதையும் எழுதவில்லை. பிறகு எப்படி அது முல்லையைத் தாண்டிப் போயிருக்க முடியும்? மருதத்தில் சர்வரின் நிலையைச் சொல்லும் பிஜி_கண்ட்ரோல்டேட்டா காட்டும் கடைசி செக்பாயிண்ட் (மாற்றங்களை வட்டில் எழுதி முடித்ததற்கான குறி), வாலில் 3/71000028 என்ற இடம். முல்லையில் உள்ள 00000002 என்ற வரலாற்றுக் கோப்பில் கிளை பிரிந்த இடமாக இருப்பது 3/70912340. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 7 எம்பி வித்தியாசம். 7 எம்பி தரவை இழந்துவிட்டோமா? 640 ஜிபியையும் மறுபடி நகலெடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: பழைய_யானை

உங்கள் கேள்வியிலேயே விடைக்கான இரண்டு எண்களையும் தந்துவிட்டீர்கள். இந்த வகைச் சிக்கலில் பெரும்பாலானோர் லாக் செய்தியை மட்டும் ஒட்டிவிட்டுப் போவார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் "யாரும் எதையும் எழுதவில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் நோக்குவது பயனர் எழுதினாரா என்பதை அன்று. வால் நகர்ந்ததா என்பதைத்தான். பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் ஆட்டோவாக்குவம், பின்னணியில் அவ்வப்போது பதிவாகும் நடப்புப் பரிவர்த்தனைப் பட்டியல், செக்பாயிண்ட் ஆகிய எல்லாமே வாலை நீட்டும். இவை எதுவுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் மருதத்தை நிறுத்திய செயலே ஒரு செக்பாயிண்ட் பதிவை எழுதும். முல்லை அதற்கு 3 நிமிடம் முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டதால், அந்தப் பதிவு அதற்குப் போய்ச் சேர வழியே இல்லை. ஆகவே ப்ரமோட் செய்த பிறகு பழைய பிரைமரியை நிறுத்துவது என்ற வரிசையிலேயே கிளை பிரிவது உறுதியாகிவிடுகிறது. இது உங்கள் கைத்தவறு அன்று, குறிப்பில் உள்ள தவறு. பிரைமரி செத்துப்போனால் என்ன செய்வது என்ற ஃபெயில்ஓவர் குறிப்பை யாரோ சுவிட்ச்ஓவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். செத்த சர்வரை முதலில் நிறுத்த வேண்டிய தேவை அங்கே இல்லை அல்லவா.

திட்டமிட்ட மாற்றத்தில் பழையதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஃபாஸ்ட் முறையில் நிறுத்தும்போது, இணைப்பில் உள்ள ஸ்டாண்ட்பைகளுக்குக் கடைசி செக்பாயிண்ட் வரை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுத்தான் சர்வர் கண்ணை மூடும். நின்ற பிறகு அதில் பிஜி_கண்ட்ரோல்டேட்டா ஓட்டி, கடைசி செக்பாயிண்டின் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டாண்ட்பை எதுவரை இயக்கி முடித்திருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். உங்கள் பதிப்பில் அந்தப் பதிவு 120 பைட் இடத்தைப் பிடிக்கும். மருதம் 3/71000028 என்று காட்டினால், முல்லை 3/710000ஏ0 என்று காட்ட வேண்டும் (பதினாறடிமானக் கணக்கு). இந்த இரண்டும் பொருந்தினால் மட்டுமே ப்ரமோட். அப்படிச் செய்திருந்தால் ரீவைண்டுக்கே வேலை இருந்திருக்காது. பழைய பிரைமரி அப்படியே ஸ்டாண்ட்பையாக எழுந்திருக்கும்.

இப்போது அந்த 7 எம்பி. பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். ஆர்க்கைவிங் இயங்கும் சர்வரை முறையாக நிறுத்தும்போது, அது நடப்பு வால் துண்டை (கோப்பை) அந்த இடத்திலேயே முடித்துவிட்டு அடுத்த 16 எம்பி துண்டுக்குத் தாவும். உங்கள் செக்பாயிண்ட் 71 என்ற புதிய துண்டின் வாசற்படியில், 28 என்ற இடத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான். உண்மையில் என்ன எழுதப்பட்டது என்று அறிய, மருதத்தில் உள்ள 000000010000000300000070 என்ற கோப்பை, வாலைப் படித்துக்காட்டும் பிஜி_வால்டம்ப் மூலம் 3/70912340 என்ற இடத்திலிருந்து திறந்து பாருங்கள். அதில் கமிட் (பரிவர்த்தனை உறுதியானது) என்று எத்தனை வரிகள் உள்ளன என்பதே உங்கள் இழப்பின் கணக்கு. ரீவைண்ட் செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். செய்த பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

அடுத்தது, இரண்டு கருவிகளின் முரண்பாடு. ப்ரமோட் ஆன சர்வர் அந்தக் கணமே புதிய டைம்லைனில் எழுதத் தொடங்கிவிடும். ஆனால் அதன் கண்ட்ரோல் கோப்பில் உள்ள டைம்லைன் எண், அடுத்த செக்பாயிண்ட் முடிந்த பிறகே மாறும். பிஜி_ரீவைண்ட் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். ப்ரமோட்டைத் தொடர்ந்து வரும் செக்பாயிண்ட் அவசரமில்லாமல் பரவலாக நடக்கும் என்பதால், செக்பாயிண்ட் இடைவெளியை 30 நிமிடம் என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்ப நேரம் கால் மணி நேரத்தைத் தாண்டியும் நீளும். 16-ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில், ப்ரமோட் செய்தவுடன் புதிய பிரைமரியில் செக்பாயிண்ட் என்ற கட்டளையை நாமே கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கடந்துவிட்டதால், இப்போது ஓட்டினால் உங்கள் ரீவைண்ட் வேறு பதில் சொல்லும். இன்னொரு நற்செய்தியும் உண்டு: டைம்லைனை ஒப்பிடுவதற்கு முன்பாகவே அது தனக்கு அவசியமான செக்சம் அல்லது வால்_லாக்_ஹின்ட்ஸ் அமைப்பு இயங்குகிறதா என்று சோதித்துவிடும். அந்தப் படியில் அது உங்களைத் திருப்பி அனுப்பவில்லை என்பதால், இரண்டில் ஒன்று இயங்குகிறது என்று பொருள்.

நெய்தலைப் பற்றி நீங்கள் எண்ணுவது போல் அது எளிதில் தீராது என்று அஞ்சுகிறேன். ஸ்லாட்டுகள் ஸ்டாண்ட்பைக்கு நகலாவதில்லை. ஆகவே முல்லையில் அதை நீங்கள் உருவாக்க வேண்டும், அது ஒரு வரி வேலை. ஆனால் மருதம் நிற்கும் வரை நெய்தல் அதனோடுதான் இணைந்திருந்தது. மருதம் கிளை பிரிந்த பிறகு எழுதிய அனைத்தும் நெய்தலுக்கும் போயிருக்கும். ஸ்லாட் பிழை மறைந்தவுடன் மருதத்தில் கண்ட அதே செய்தி அங்கேயும் வரும், பாருங்கள்.

கடைசியாக ஒன்று: மருதம் இணைப்புகளை ஏற்கிறது என்றீர்கள். அறிக்கைகள் எவையேனும் அதிலிருந்து படிக்கின்றனவா? அப்படியென்றால் அவை இரண்டு நாள் பழைய தரவைப் படித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அதை நிறுத்துங்கள்.

பதில்: நேர்வழி

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மருதத்தின் தரவுக் கோப்புறையைக் காலி செய்துவிட்டு பிஜி_பேஸ்பேக்கப் (முழு நகல்) எடுத்தால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் வேலை முடிந்துவிடும். ரீவைண்டை நம்பிக் கைசுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: பழைய_யானை

ஒரே டேட்டா சென்டருக்குள் என்றால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். நெய்தலுக்கு 640 ஜிபியை 100 மெகாபிட்டில் அனுப்பினால், இணைப்பு முழுவதையும் அதற்கே தாரைவார்த்தாலும் 14 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் பேரிடர் நகல் என்று ஒன்று இருக்காது. மேலும், காலி செய்துவிட்டால் கிளைக்கு அப்பால் என்ன எழுதப்பட்டது என்ற சான்றும் போய்விடும். ரீவைண்ட் தோற்றால் பேஸ்பேக்கப் எப்போதும் காத்திருக்கிறது. முதலில் காலி செய்துவிட்டால் அப்படி ரீவைண்டுக்குத் திரும்பி வர முடியாது.

கேட்டவர்: இரவுமுறை

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது. முல்லையில் ஸ்லாட்டை உருவாக்கினேன். நெய்தலில் ஸ்லாட் பிழை போய், கிளை பிரிந்த செய்தி அடுத்த விநாடியே வந்து நின்றது. நெய்தல் எதுவரை இயக்கியிருக்கிறது என்று கேட்டால் 3/710000ஏ0 என்கிறது. முல்லைக்கு வர வேண்டிய எண் நெய்தலில் இருக்கிறது.

பிஜி_வால்டம்ப் பார்த்தேன். கிளைக்குப் பிறகு மருதத்தில் மூன்று கமிட்கள் உள்ளன. மூன்றும் ஒரே கோப்பு எண் கொண்ட அட்டவணையில் ஒரே வரியைத் திருத்தியவை. பிஜி_ஃபைல்நோட்_ரிலேஷன் மூலம் அந்த எண்ணுக்குரிய அட்டவணையைத் தேடினால், எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைப் பதியும் அட்டவணை அது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நாங்களே வைத்த ஸ்கிரிப்ட் அது. அப்ளிகேஷனை நிறுத்தியபோது அதன் நினைவே எனக்கு வரவில்லை. மீதியெல்லாம் நடப்புப் பரிவர்த்தனைப் பட்டியலும், துண்டு முடிந்த குறிப்பும், செக்பாயிண்டும்தான். மூன்று நேரக்குறிப்புகளை இழந்ததற்கு யாரும் வருந்தப்போவதில்லை.

வருந்த வேண்டியது வேறொன்று. தினசரி விற்பனை அறிக்கை மருதத்திலிருந்துதான் படிக்கிறது. இரண்டு நாளாக அது ஒரே தொகையைக் காட்டியிருக்கிறது, கணக்குப் பிரிவில் ஒருவர் "நேற்று விற்பனையே இல்லையா?" என்று கேட்டு எழுதிய மின்னஞ்சல் என் பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தது. இப்போது அறிக்கையை முல்லைக்குத் திருப்பிவிட்டேன். நடைமுறைக் குறிப்பைப் பற்றிய உங்கள் ஊகமும் சரியே. அதன் பழைய தலைப்பில் ஃபெயில்ஓவர் ஒத்திகை என்றே இருக்கிறது.

இன்று இரவு இரண்டு சர்வர்களிலும் ரீவைண்ட் செய்ய இருக்கிறேன். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: கொள்ளளவு

உண்டு; நான் அடிபட்டுக் கற்ற இரண்டைச் சொல்கிறேன்.

பிஜி_ரீவைண்ட் மாறிய தரவுப் பக்கங்களை மட்டும் கொண்டுவரும் என்று நினைத்திருப்பீர்கள். அட்டவணைக் கோப்புகளுக்குத்தான் அது பொருந்தும். தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் அமைப்புக் கோப்புகளை அது மூலச் சர்வரிலிருந்து முழுதாக எடுத்துவந்து எழுதிவிடும். முல்லை இரண்டு நாள் முன்பு வரை மருதத்தின் ஸ்டாண்ட்பையாக இருந்ததால், அதன் ஆட்டோ.கான்ஃப் கோப்பில் ப்ரைமரி_கான்இன்ஃபோ இன்னமும் மருதத்தின் முகவரியையே சுமந்துகொண்டிருக்கும். அந்தக் கோப்பு மருதத்துக்கு வந்தால், மருதம் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு நிற்கும். நான் ஒரு மணி நேரம் ஃபயர்வால் குழுவோடு வாதாடிய பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. ஆகவே அமைப்புக் கோப்புகளையும், யார் இணையலாம் என்று குறிக்கும் பிஜி_ஹெச்பிஏ கோப்பையும் வெளியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீவைண்ட் முடிந்ததும், துவக்குவதற்கு முன், இணைப்பு வரியையும் ஸ்லாட் பெயரையும் கண்ணால் பாருங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து உள்ள பெரிய ஆர் (-R) விருப்பம் இணைப்பு வரியையும் ஸ்டாண்ட்பை.சிக்னலையும் தானே எழுதித்தரும். எப்படியானாலும் சிக்னல் கோப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் சர்வரைத் துவக்காதீர்கள். அது இல்லாமல் துவக்கினால் மருதம் தன்னையும் பிரைமரி என்று எண்ணிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் பிரச்சினை இப்போதிருப்பதை விட மிகப் பெரியது.

இரண்டாவது, ஸ்லாட்டுகள். இது உங்களுக்கு இன்று வராது. ஏனெனில் ரீவைண்ட் மருதத்தில் உள்ள பழைய ஸ்லாட்டுகளை நீக்கிவிடும். ஆனால் அடுத்த முறை பழைய_யானை சொன்ன சரியான வரிசையில் செய்து, ரீவைண்டே இல்லாமல் பழைய பிரைமரியை ஸ்டாண்ட்பையாக எழுப்பும்போது இது வரும். அந்தச் சர்வரில் பிரைமரிக் காலத்து ஸ்லாட் அப்படியே கிடக்கும். அதிலிருந்து படிக்க யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் யாரோ வருவார் என்று அது வால் துண்டுகளை அழிக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும். ஸ்டாண்ட்பையிலும் அப்படித்தான் நடக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. நாங்கள் வெற்றிகரமாக மாற்றம் செய்து, பாராட்டும் பெற்று, ஆறாம் நாள் காலையில் பழைய பிரைமரியின் வட்டு நிரம்பி நின்றது. எத்தனை துண்டுகள் குவிந்திருந்தன என்று எண்ணக்கூடப் பொறுமையில்லை. ஸ்லாட் பிடித்துவைக்கும் வாலுக்கு வரம்பிடும், 13 முதல் உள்ள மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் அமைப்பை இப்போது எல்லாச் சர்வர்களிலும் வைத்திருக்கிறேன். அதன் இயல்பு மதிப்பு வரம்பில்லை என்பதால் நாமாகத்தான் அமைக்க வேண்டும்.

பதில்: பழைய_யானை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரீவைண்டுக்கு, இரு சர்வர்களுக்கும் பொதுவான கடைசி செக்பாயிண்ட் வரை மருதத்தின் பழைய வால் துண்டுகள் தேவை. இரண்டு நாளில் அவற்றில் சில அழிந்திருக்கலாம். ஆர்க்கைவ் இருப்பதால், மருதத்தில் ஆர்க்கைவிலிருந்து கோப்பை எடுக்கும் ரிஸ்டோர்_கமாண்டை அமைத்துவிட்டு, ரீவைண்ட் கட்டளையில் சிறிய சி (-c) விருப்பத்தைச் சேர்த்தால், இல்லாத துண்டுகளை அதுவே ஆர்க்கைவிலிருந்து எடுத்துக்கொள்ளும். துவங்கிய பிறகு பிடித்துவரவும் அதே ரிஸ்டோர்_கமாண்ட் உதவும்.

கிளைக்குப் பிந்தைய தவறான பகுதியும் ஆர்க்கைவில் 000000010000000300000070 என்ற பெயரில் இருக்கிறதே, அதை எடுத்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். எடுக்காது. முல்லை ப்ரமோட் ஆனபோது, அந்தத் துண்டின் கிளைக்கு முந்தைய பகுதியை 00000002 என்று தொடங்கும் புதிய கோப்பிலும் நகலெடுத்துவிட்டது. மீட்பு அதைத்தான் முதலில் தேடும். அதே துண்டின் பழைய டைம்லைன் நகலைப் பார்ஷியல் என்ற பின்னொட்டோடு முல்லை ஆர்க்கைவ் செய்திருப்பதால், மருதம் அனுப்பிய கோப்போடு பெயரும் மோதாது. வால் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பிரிந்த இடத்துக்கு அப்பால் நீண்டுவிட்ட வாலை நறுக்கிவிட்டுப் புதியதை ஒட்டுவதுதான் ரீவைண்டின் முழு வேலையும்.

முதலில், எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் ட்ரை-ரன் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். சர்வர்கள் 3/70912340 என்ற இடத்தில் பிரிந்தன என்று அது சொன்னால், அதே கட்டளையை அந்த விருப்பமின்றி ஓட்டலாம்.

கேட்டவர்: இரவுமுறை

இரவு 11 மணிக்குத் தொடங்கினேன். ட்ரை-ரன் நீங்கள் சொன்ன அதே எண்ணைக் காட்டியது. மருதத்தில் ஒரு பழைய துண்டு உண்மையிலேயே இல்லை. சி விருப்பம் அதை ஆர்க்கைவிலிருந்து எடுத்துக்கொண்டது. மருதத்துக்கு 6 நிமிடம், நெய்தலுக்கு 26 நிமிடம். நெய்தலில் போன நேரத்தின் பெரும்பகுதி முல்லையின் வால் கோப்புறையை நகலெடுப்பதற்கே ஆனது. தரவுப் பக்கங்கள் சொற்பம்.

கொள்ளளவு எச்சரித்தபடியே, மருதத்துக்கு வந்த ஆட்டோ.கான்ஃபில் அதன் சொந்த முகவரியே முதல் வரியாக இருந்தது. பெரிய ஆர் விருப்பம் முல்லையின் முகவரியைக் கீழே சேர்த்திருந்ததாலும், கடைசி வரியே செல்லும் என்பதாலும் தொல்லை வரவில்லை. இருந்தாலும் பழைய வரியை அழித்துவிட்டேன். இப்போது முல்லையில் இரண்டு ஸ்டாண்ட்பைகளும் ஸ்ட்ரீமிங் என்று காட்டுகின்றன. கண்காணிப்புத் திரையில் போர்ட் திறந்திருக்கிறதா என்ற சோதனையை எடுத்துவிட்டு, ஸ்டாண்ட்பையில் வால் வரும் இணைப்பைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_வால்_ரிசீவர் காட்சியில் வரி இருக்கிறதா என்ற சோதனையை வைத்திருக்கிறேன்.

மருதத்தின் வட்டு வேலை வரும் சனிக்கிழமை. அதன் பிறகு பிரைமரியைத் திரும்ப மருதத்துக்குக் கொண்டுவர வேண்டும். குறிப்பை மாற்றி எழுதிவிட்டேன்: ஸ்கிரிப்டை நிறுத்து, முல்லையை நிறுத்து, இரண்டு எண்களை ஒப்பிடு, ப்ரமோட், செக்பாயிண்ட், முல்லையின் ஸ்லாட்டுகளை நீக்கு. நெய்தலுக்கான ஸ்லாட்டை மருதத்தில் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடலாமா, அல்லது ப்ரமோட் ஆன பிறகா?

பதில்: கொள்ளளவு

ப்ரமோட் ஆன பிறகே உருவாக்குங்கள். முன்பே உருவாக்கி, அதை அக்கணமே இடம் பிடிக்கச் சொன்னால், சனிக்கிழமை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் மருதத்தில் துண்டுகள் குவியும். முல்லையை நிறுத்தும்போது நெய்தலும் இணைப்பில் இருந்தால் அது கடைசி செக்பாயிண்ட் வரை வாங்கிக்கொண்டிருக்கும்; ஸ்லாட் உருவாகும் அந்த ஓரிரு நிமிடத்தில் அது பின்தங்கிப்போகாது.